அடைமழையும் எங்க வீட்டு ஆம்னியும்

குளிர்காலம்னு சொன்னா அமெரிக்காவுல இருக்கிற என் பெரியப்பா பையனுக்கு பனி ஞாபகம் வருமாம். காலையில காரை எடுக்கறதுக்கு முன்னாடி மண்வெட்டியால பனியை வாரிக் கொட்டணுமாம். அவன்கிட்ட நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வேன் ஒண்ணு இருக்கு. அது மட்டும் இல்லைன்னா டிசம்பர்ல வீட்டை விட்டே வெளிய வர முடியாதுன்னு போன்ல ஒரே பெருமை. அதோட விட்டிருக்கலாம். "உனக்கு என்ன, அங்க வருஷம் பூரா வெயில். எந்த வண்டியா இருந்தாலும் ஓடும்"னு ஒரு வார்த்தையும் சேர்த்து விட்டான்.

அங்கதான் எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. அவனுக்குப் போன்ல சொல்ல முடியாததை எல்லாம் இங்க கொட்டறேன், பொறுத்துக்கங்க.

ராயபுரத்துக்கும் ஒரு குளிர்காலம் உண்டு. அதுக்குப் பேரு ஐப்பசி, கார்த்திகை. சென்னைக்கு வருஷம் முழுக்கப் பெய்யற மழையில பாதிக்கு மேல அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் மூணே மாசத்துல கொட்டித் தீர்த்துடும். அவனுக்கு வாசல்ல பனி நிக்கும், எங்களுக்கு வாசல்ல தண்ணி நிக்கும். பனியை மண்வெட்டியால வாரலாம். தண்ணியை என்ன பண்றது?

எங்ககிட்டயும் ஒரு பழைய வேன் இருக்கு. 2009 மாடல் மாருதி ஆம்னி. வெள்ளைக் கலர். (அதாவது வாங்கும்போது வெள்ளை.) நான் ஒண்ணாம் கிளாஸ் சேர்றதுக்கு முன்னாடி அப்பா வாங்கினது. தமிழ் சினிமா பாத்தவங்களுக்கு ஆம்னியைப் பத்தி அறிமுகம் தேவையில்ல. ஹீரோயினைக் கடத்தணும்னா ஆம்னிதான் வரும். சைடு கதவு சர்ருன்னு திறக்கும், ரெண்டு கை வெளிய வரும், அவ்ளோதான். காலேஜ் வாசல்ல அப்பா என்னை இறக்கி விடும்போதெல்லாம் "இன்னிக்கு யாரைக் கடத்தப் போறீங்க"ன்னு ஃப்ரெண்ட்ஸ் கேக்காத நாளே கிடையாது.

கொஞ்சம் வரலாறு. மாருதி இந்த வேனை 1984-ல கொண்டு வந்துச்சு. அப்ப பேரே 'மாருதி வேன்'தான். ஆம்னிங்கற பேர் பின்னாடி வந்தது. மூணு சிலிண்டர், 796 சிசி என்ஜின். அந்த என்ஜின் இருக்கிற இடம்தான் விசேஷம். முன்னாடி பானெட் கிடையாது. டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் அடியில என்ஜின். சீட்டைத் தூக்கினா என்ஜின் தெரியும். இழுக்கிறது பின்னாடி ரெண்டு சக்கரம் மட்டும். இதோட பங்காளி வண்டிங்க ஜப்பான்ல சுசுகி கேரி, எவ்ரின்னு ஓடுது. அதுல நாலு சக்கரமும் இழுக்கிற மாடல் உண்டு. பனி கொட்டற ஊர்ல விவசாயிங்க, கடைக்காரங்க எல்லாம் அதைத்தான் நம்பி இருக்காங்க. ஒரே குடும்பம், அங்க பொறந்தவனுக்கு நாலு காலு, இங்க பொறந்தவனுக்கு ரெண்டு காலு.

சரி, இந்த ரெண்டு கால் வண்டியை நம்பி எங்க வீட்ல யார் இருக்காங்க? எங்க ஆயா.

*

ஆயாவுக்கு (அப்பாவோட அம்மா) கிட்னி ரெண்டும் போயிடுச்சு. 2022-லேர்ந்து டயாலிசிஸ். வாரத்துக்கு ரெண்டு தடவை, திங்களும் வியாழனும், புரசைவாக்கம் பக்கத்துல ஒரு சென்டர்ல. ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷின்ல படுத்திருக்கணும்.

டயாலிசிஸ் பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு விஷயம். கிட்னி வேலை செய்யலைன்னா உடம்புல சேர்ற தண்ணி வெளிய போக வழியில்ல. அதனால குடிக்கிற தண்ணியை அளந்து அளந்துதான் குடிக்கணும். ஆயாவுக்குன்னு ஒரு பாட்டில் உண்டு, ஒரு நாளைக்கு அது மட்டும்தான். அதுலயே காபி, ரசம், மாத்திரைக்கான தண்ணி எல்லாம் அடக்கம். ஒரு டயாலிசிஸ் தவறினா அந்தத் தண்ணி எல்லாம் உடம்புலயே தங்கிடும். முதல்ல கால் வீங்கும், அப்புறம் நுரையீரல்ல சேரும், மூச்சு வாங்கும். பொட்டாசியம் ஏறினா இதயத்துக்கே ஆபத்து. மழை பெய்யுது, புயல் வருதுன்னு எல்லாம் உடம்புக்குத் தெரியாது. ஸ்கூலுக்கு கலெக்டர் லீவு விடலாம், ஆயாவோட கிட்னிக்கு யாரும் லீவு விட முடியாது.

வாடகை கார் போட்டுப் போலாமேன்னு கேப்பீங்க. வெயில் நாள்ல போலாம். மழை நாள்ல "ராயபுரமா? கல்மண்டபமா? அங்க தண்ணி நிக்குமே"ன்னு கேட்டுட்டு கேன்சல் பண்ணிடுவாங்க. அவங்களையும் தப்பு சொல்ல முடியாது, அவங்க வண்டி, அவங்க துட்டு. ஆக, ஆயாவோட திங்களும் வியாழனும் முழுக்க இந்த ஆம்னியோட தலையில.

ஆம்னியில ஆயாவுக்குப் பிடிச்ச இடம் முன் சீட்டு. டயாலிசிஸ் முடிஞ்சு வரும்போது ஆயாவுக்கு எப்பவும் குளிரும், உடம்பே வெடவெடன்னு இருக்கும். மார்கழி சாயங்காலம்னா கேக்கவே வேணாம். என்ஜின் சீட்டுக்கு அடியிலயே இருக்கறதால பத்து நிமிஷம் ஓடினதும் கீழேர்ந்து அடுப்பு மாதிரி சூடு வரும். மே மாசத்துல அதே சூட்டுக்கு நாங்க எல்லாம் வண்டியைத் திட்டுவோம். ஆயா மட்டும் டிசம்பர்ல ஷாலைப் போத்திக்கிட்டு "அப்பாடா"ன்னு கண்ணை மூடிக்கும். பல லட்ச ரூபா கார்ல சீட் ஹீட்டர்னு தனியா காசு வாங்கறாங்களாம். எங்களுக்கு ஃப்ரீ.

*

இப்ப பெரியப்பா பையன் விஷயத்துக்கு வரேன். நாலு சக்கரமும் இழுத்தா பனியில என்ன லாபம்? பிடிமானம். ஒரு சக்கரம் வழுக்கினாலும் இன்னொண்ணு இழுத்துடும். (பிரேக் போடும்போது அதுல ஒரு லாபமும் இல்ல. நாலு சக்கரம் இழுக்கிற வண்டியும் வழுக்கிக்கிட்டு போய் மோதும். அதை அவன் சொல்லல.) ஆனா தண்ணியில வண்டி சாகறது பிடிமானம் இல்லாம இல்ல, மூச்சு முட்டித்தான் சாகுது.

இதை எனக்கு விளக்கினது சித்தப்பா. அவர் காசிமேட்டுல போட் மெக்கானிக். என்ஜின் காத்தை இழுக்கும், பெட்ரோலோட கலந்து அமுக்கும், எரிக்கும். காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. காத்து இழுக்கிற வழியா தண்ணி சிலிண்டருக்குள்ள போயிட்டா, மேல வர்ற பிஸ்டன் சுவத்துல மோதின மாதிரி நின்னுடும். அந்த வேகத்துல பிஸ்டனைத் தாங்கற கம்பியே வளைஞ்சிடும். அதனாலதான் தண்ணிக்கு நடுவுல வண்டி நின்னுட்டா மறுபடி சாவியைத் திருகக் கூடாதுன்னு சொல்றாங்க. நின்னதோட விட்டா தள்ளிக்கிட்டு போய், காய வெச்சு, பொழைக்க வெக்கலாம். திருகினா அவ்ளோதான், என்ஜினை இறக்க வேண்டியதுதான்.

இதைக் கேட்டுக்கிட்டே இருந்த ஆயா ஒரு வார்த்தை சொல்லுச்சு பாருங்க.

"அப்ப வண்டிக்கும் எனக்கும் ஒரே நோவுதான்னு சொல்லு. தண்ணி உள்ள பூந்தா மூச்சு நின்னுடும்."

அதுக்கு மேல சித்தப்பாவுக்கு விளக்க ஒண்ணும் இல்ல.

தண்ணியில ஓட்டறதுக்கு அப்பாவுக்குன்னு சில சட்டம் இருக்கு. ஃபர்ஸ்ட் கியர்ல போட்டுட்டா தண்ணி முடியற வரைக்கும் கியர் மாத்தக் கூடாது. ஆக்ஸிலேட்டரை விடவே கூடாது, புகை வந்துக்கிட்டே இருந்தாத்தான் சைலன்சர்ல தண்ணி ஏறாது. வேகமாவும் போகக் கூடாது, நாம கிளப்பற அலை நம்ம மேலயே ஏறும். கன்டெய்னர் லாரி எதிர்ல வந்தா ஓரமா நின்னு, அந்த அலை அடங்கின பிறகுதான் போகணும். (எண்ணூர் ரோட்டுல அந்த டிரெய்லருங்க தண்ணியைக் கிழிச்சுக்கிட்டு வர்றதைப் பாத்தவங்களுக்குத் தெரியும், மெரினா அலை பரவாயில்லன்னு இருக்கும்.) தண்ணியை விட்டு வெளிய வந்ததும் பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே கொஞ்ச தூரம் ஓட்டி காய வெக்கணும். ஆம்னிக்குப் பின்னாடி டிரம் பிரேக், உள்ள போன தண்ணி லேசுல போகாது.

எல்லாத்துக்கும் மேல ஒரு சட்டம்: முன்னாடி போற ஆட்டோவைப் பாரு. ஆட்டோ சக்கரம் பாதி முழுகிற வரைக்கும் போ. அதுக்கு மேல ஏறுதுன்னா, திரும்பு.

ஏன் அவ்ளோ கறார்னு ஒரு கணக்கு போட்டுப் பாத்தேன். ஆம்னியோட நீளம் 3.37 மீட்டர், அகலம் 1.41 மீட்டர். பெருக்கினா ஏறக்குறைய 4.75 சதுர மீட்டர். காலி வண்டியோட எடை 800 கிலோவுக்கும் கம்மி. வண்டியோட அடித்தளத்துக்கு மேல 10 செ.மீ. தண்ணி ஏறினாலே 475 கிலோவைத் தூக்கும். 17 செ.மீ. ஏறினா வண்டியோட மொத்த எடையும் போச்சு, மிதக்க ஆரம்பிச்சுடும். நிஜத்துல கதவு இடுக்கு வழியா தண்ணி உள்ள வந்துடும், அதனால கணக்கு கொஞ்சம் மாறும். ஆனாலும் ஒரு சாண் தண்ணிக்குள்ள சக்கரம் தரையை விட ஆரம்பிச்சுடும்னு தெரிஞ்சப்ப வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி இருந்துச்சு. நாலு சக்கரம் இழுத்தா என்ன, நாற்பது சக்கரம் இழுத்தா என்ன, தரையில படலைன்னா?

*

ராயபுரம் வண்டிக்கு மழை மட்டும் இல்ல, உப்புக்காத்தும் எமன். கடல் பக்கத்துல இருக்கு, இரும்பு சும்மா இருக்குமா? 2021-ல ஒரு நாள் மேட்டைத் தூக்கினா கீழ ரோடு தெரியுது. துருப்பிடிச்சு ஓட்டை. சித்தப்பா வந்து பாத்தாரு, சிரிச்சாரு, மறுநாள் ஃபைபர் போட்டுக்கு ஒட்டுப் போடற சாமானை எடுத்துட்டு வந்து ஓட்டையை அடைச்சுட்டாரு. அதுலேர்ந்து எங்க வண்டி முக்கால் ஆம்னி, கால் படகு. இன்னிக்கு வரைக்கும் அந்த இடத்துல மட்டும் துரு வரல.

ஐப்பசி பொறந்தா எங்க வீட்ல தீபாவளித் துணி எடுக்கிறதுக்கு முன்னாடி வண்டி வேலைதான் நடக்கும். வைப்பர் ரப்பர் மாத்தணும், பேட்டரி முனையில கிரீஸ் தடவணும், டயர்ல காடி எவ்ளோ மிச்சம் இருக்குன்னு பாக்கணும், டேங்க்கை நிரப்பி வெக்கணும். பின்னாடி சீட்டுக்கு அடியில ரெண்டு மண் மூட்டை. காலியா இருந்தா ஆம்னிக்குப் பின்பக்கம் லேசு, ஈர ரோட்டுல வாலை ஆட்டும். மண் மூட்டை போட்டா அடங்கும்.

இவ்ளோ சொல்லிட்டு ஒண்ணை மறைச்சா அது பொய். இது நல்ல வண்டின்னு நான் சொல்ல மாட்டேன். ஏர்பேக் கிடையாது. முன்னாடி மோதினா முதல்ல அடி வாங்கறது டிரைவரோட முட்டி. பாதுகாப்பு விதிகள் இறுகினதும் தாக்குப் பிடிக்க முடியாம 2019-ல ஆம்னி தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. நிறுத்தினது நியாயம்தான். நம்பிக்கைக்கும் பாதுகாப்புக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு, நாங்க அந்த இடைவெளியிலதான் வாரத்துக்கு ரெண்டு நாள் புரசைவாக்கம் போயிட்டு வரோம்.

*

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மிக்ஜாம் புயல். கரையைக் கடந்தது என்னவோ 5-ஆம் தேதி ஆந்திராவுல பாபட்லா பக்கத்துல. ஆனா அதுக்கு முன்னாடி சென்னைக்கு நேரா கடல்லயே ஆடி அசைஞ்சு போச்சு. 4-ஆம் தேதி ஏர்போர்ட்டையே மூடிட்டாங்க, ரன்வேயில தண்ணி.

ஞாயித்துக்கிழமை சாயங்காலமே அப்பா வண்டியை எடுத்துட்டுப் போய், தெரிஞ்சவர் ஒருத்தரோட குடோன் வாசல் மேட்டுல நிறுத்திட்டு மழையில நனைஞ்சுக்கிட்டே நடந்து வந்தாரு. எங்க தெருவுலேர்ந்து அது ஒரு கிலோமீட்டர் இருக்கும். அம்மா கேட்டாங்க, "நாளைக்கு அத்தையை எப்படிங்க கூட்டிட்டுப் போறது?" அப்பா ஒண்ணும் பேசல.

திங்கக்கிழமை காலையில எழுந்தா தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி. கரன்ட் இல்ல. காத்து வேற. சென்டருக்கு போன் பண்ணா, வர முடிஞ்சா வாங்க, முடியலைன்னா நாளைக்கு முதல் ஷிஃப்ட்ல எடுத்துக்கறோம்னு சொன்னாங்க. ஆயாவுக்கு போன டயாலிசிஸ் நவம்பர் 30, வியாழக்கிழமை. ஏற்கனவே நாலு நாள் ஆச்சு. மத்தியானத்துக்கெல்லாம் கால் வீங்கி, படுத்தா மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. மூணு தலகாணி வெச்சு சாய்ச்சு உக்கார வெச்சோம்.

அப்பதான் வீட்ல சண்டை. சித்தப்பா, "ண்ணா, சாவியைக் குடு, நான் ஓட்டறேன், மெதுவா உருட்டிக்கினு போயிடலாம்"னாரு. அம்மாவும் போலாம்னாங்க. நானும் கத்தினேன். ரெண்டு வருஷமா இந்த வண்டியை நம்பித்தானே இருக்கோம், இன்னிக்கு எடுக்கலைன்னா எதுக்கு இந்த வண்டின்னு கேட்டேன். அன்னிக்கு அப்பாவைப் பாத்து நான் சொன்ன வார்த்தையை இங்க எழுத எனக்கு வெக்கமா இருக்கு.

அப்பா ஒரே ஒரு தடவைதான் பேசினாரு. "வண்டி பேசின் பிரிட்ஜ்கிட்ட நின்னுடுச்சுன்னு வெச்சுக்க. தண்ணிக்கு நடுவுல, இந்தக் காத்துல, அம்மாவை வெச்சுக்கினு என்ன பண்ணுவ? இங்க உக்கார இடமாவது இருக்கு. மழை விடட்டும்."

2015-லயும் அவர் இப்படித்தான். அப்ப நான் ஆறாவது. டிசம்பர் வெள்ளத்துல ஜாபர்கான்பேட்டையில இருந்த அத்தையைக் கூட்டிட்டு வரக் கிளம்பினவரு, சைதாப்பேட்டைக்கு முன்னாடியே திரும்பி வந்துட்டாரு. அடையாறு பாலத்தைத் தொட்டுக்கிட்டு ஓடுச்சாம். அத்தை மறுநாளைக்கு மறுநாள்தான் வந்தாங்க. ரொம்ப நாளைக்கு அப்பாவைப் பயந்தாங்கொள்ளின்னு சொந்தக்காரங்க கிண்டல் பண்ணாங்க.

அந்தத் திங்கக்கிழமை ராத்திரி யாரும் தூங்கல. செல்போன் வெளிச்சத்துல ஆயாவோட நெஞ்சு ஏறி இறங்கறதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தோம். அது "தண்ணி, தண்ணி"ன்னு கேக்குது. வெளிய ஊரே தண்ணி. நாங்க பஞ்சை நனைச்சு உதட்டைத் துடைச்சு விட்டுக்கிட்டு இருந்தோம்.

செவ்வாய் காலையில மழை விட்டுச்சு, தெருத்தண்ணி மட்டும் அப்படியே நின்னுச்சு. அப்பாவும் சித்தப்பாவும் போய் ஒரு மீன்பாடி வண்டியைக் கொண்டு வந்தாங்க. அதுமேல பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, மீன்வலைக் கயித்தால இறுக்கிக் கட்டி, ஆயாவை உக்கார வெச்சோம். பக்கத்து வீட்டு அண்ணன், எதிர்வீட்டு அக்கா, டீக்கடைக்காரர்னு ஆறு பேர் தள்ளினாங்க. நான் குடை பிடிச்சுக்கிட்டு பக்கத்துல நடந்தேன், மழையே இல்லாம. பதட்டத்துல குடையை மடக்கக் கூடத் தோணல.

குடோன் மேட்டுல ஆம்னி ஈரம் கூடப் படாம நின்னுச்சு. மூணாவது திருப்புல ஸ்டார்ட் ஆச்சு. அப்பா பேசின் பிரிட்ஜ் பக்கம் போகவே இல்ல. கடல் பக்கமா ராஜாஜி சாலைக்கு வந்து, பாரிமுனையைச் சுத்தி, சென்ட்ரல் வழியா வேப்பேரி போய்த்தான் புரசைவாக்கம் போனாரு. தூரம் ஜாஸ்தி. ஆனா கடலோரம் மணல் மேடு, உள்ள கால்வாய்ங்க பக்கம்தான் பள்ளம், தண்ணி அங்கதான் நிக்கும்ங்கறது அவரோட இருபது வருஷத்துப் பாடம். நடுவுல ரெண்டு இடத்துல நின்னு, ஆட்டோ சக்கரத்தைப் பாத்து, சந்துக்குள்ள திரும்பினாரு. ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு. ஆயாவை எடை போட்டப்ப நாலரை கிலோ கூடியிருந்துச்சு. நாலரை கிலோவும் தண்ணி. ஒரே நாள்ல எல்லாத்தையும் எடுக்கக் கூடாதுன்னு பாதியை அன்னிக்கும் மீதியை மறுநாளும் எடுத்தாங்க.

அன்னிக்கு சாயங்காலம் திரும்பி வரும்போது எங்க தெருமுனையில ஒரு பெரிய வண்டி நின்னுக்கிட்டு இருந்துச்சு. நாலு சக்கரமும் இழுக்கிற ஜாதி, ஆம்னியை விட பத்து மடங்கு விலை. அவர் திங்கக்கிழமை தைரியமா எடுத்திருக்காரு. நடுவுல நின்னிருக்கு. ரெண்டு மூணு தடவை சாவியைத் திருகியிருக்காரு. பில் லட்சத்துல வந்துச்சாம். என்ஜினுக்குன்னு தனியா பாலிசி எடுக்கலைன்னா சாதாரண இன்சூரன்ஸ்ல இந்த மாதிரி சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் வராது. அது அவருக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது.

அப்பாகிட்ட நான் மன்னிப்பு கேக்கல. எங்க வீட்ல அந்தப் பழக்கம் இல்ல. 2024 மே மாசம் டிரைவிங் ஸ்கூல்ல சேர்ந்தேன், அவ்ளோதான்.

*

வண்டிக்கு 2024-ல பதினஞ்சு வருஷம் முடிஞ்சுது. எஃப்.சி. பாத்து, பதிவைப் புதுப்பிச்சா இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டலாம். 2022 ஏப்ரலுக்கு முன்னாடி காருக்கு 600 ரூபா இருந்த புதுப்பிப்புக் கட்டணம் அப்ப 5,000. அதோட டயர், வெல்டிங், பெயின்ட் எல்லாம் சேர்ந்து செலவு எகிறுச்சு. சித்தப்பாவே "புதுப்பேட்டையில தள்ளிடுண்ணா"ன்னாரு. புதுப்பேட்டையில வண்டி உள்ள போனா ஸ்பேர் பார்ட்ஸாதான் வெளிய வரும், தெரியும்ல.

பி.காம். படிக்கிற திமிர்ல நானும் ஒரு கணக்கு போட்டேன். வாங்கின விலை 2,30,000. குறைந்துசெல் மதிப்பு முறையில வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் கழிச்சா பதினஞ்சு வருஷத்துல மிஞ்சறது 20,091 ரூபா. அந்த 20,000 சொச்சம் வண்டிக்கு அதே அளவு செலவு பண்றது முட்டாள்தனம்னு எந்த வாத்தியாரைக் கேட்டாலும் சொல்வாங்க. அப்பாகிட்ட பேப்பரைக் காட்டினேன். படிச்சு பாத்துட்டு, "கணக்கு சரிதான் பாப்பா. இதுல எந்தெந்தத் தெருவுல தண்ணி நிக்கும்னு எனக்குத் தெரிஞ்சது எங்க வருது?"ன்னு கேட்டாரு.

பதில் இல்ல. தேய்மானம் வண்டிக்குத்தான் உண்டு. ஓட்டறவரோட அனுபவம் வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகுது, அதுக்கு எங்க புத்தகத்துல காலமே இல்ல.

எனக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சுது. நாங்க நம்பினது வண்டியை இல்ல. அந்த வண்டியால எது முடியாதுங்கறது அப்பாவுக்கு அத்துப்படி, அதைத்தான் நம்பியிருந்தோம். பெரிய வண்டிக்காரருக்கு வண்டி மேல நம்பிக்கை ஜாஸ்தி, எங்கப்பாவுக்கு கம்மி. அந்தக் கம்மியிலதான் ஆயா பொழைச்சுது. அந்த ஒரு கிலோமீட்டருக்கு மீன்பாடி வண்டிதான் சரின்னு ஒத்துக்கிட்டதால ஆம்னிக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிடல. 2024 அக்டோபர்ல மழை எச்சரிக்கை வந்த உடனே வேளச்சேரி மேம்பாலத்து மேல வரிசையா காரைக் கொண்டு போய் நிறுத்தினாங்களே, அதைப் பாத்து ஊரே சிரிச்சுது. எங்க வீட்ல யாரும் சிரிக்கல.

வண்டியை விக்கல. புதுப்பிச்சாச்சு.

*

இப்ப வியாழக்கிழமை டூட்டி என்னுது. அப்பாவுக்குத் தோள்பட்டை வலி, திங்கக்கிழமை மட்டும் அவர்.

போன கார்த்திகையில ஒரு வியாழன். காலையிலேர்ந்து ஊத்துது. நான் ஓட்டறேன், பக்கத்துல ஆயா, மடியில துணிப்பை. பாரிமுனை தாண்டி ஒரு இடத்துல ரோடு முழுக்கத் தண்ணி. முன்னாடி போன ஆட்டோவோட சக்கரம் பாதிக்கு மேல முழுகுது. பின்னாடி ஹாரன் மேல ஹாரன். ஒருத்தர் கண்ணாடியைத் தட்டி "போம்மா, போம்மா, ஒண்ணும் ஆவாது"ன்னாரு. உண்மையிலயே போயிருக்கலாம்தான். இன்னும் ஒண்ணரை கிலோமீட்டர் இருந்திருக்கும். ஆயாவுக்கு கால்ல லேசா வீக்கம் வேற.

திரும்பிட்டேன். கை நடுங்குச்சு. ரிவர்ஸ் கியர் விழறதுக்கே மூணு தடவை ஆச்சு. சென்டருக்கு போன் பண்ணி சாயங்கால ஷிஃப்ட்டுக்கு மாத்தச் சொன்னேன்.

வீட்டுக்கு வர்ற வரைக்கும் நான் பேசல. தப்பு பண்ணிட்டோமோன்னு உள்ளுக்குள்ள உதறல். ஆயாதான் ஆரம்பிச்சுது.

"இன்னாடி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கினு கீற? உங்கப்பன் புத்தி வந்துகீது உனக்கு. நல்லதுதான்."

நாலு மணிக்கு தண்ணி வடிஞ்சுது. போனோம். ராத்திரி ஒன்பதரைக்குத் திரும்பி வரும்போது ஆயா ஷாலைப் போத்திக்கிட்டு, என்ஜின் சூட்டுல, வாயைத் திறந்து தூங்கிக்கிட்டு வந்துச்சு.

பி.கு: பெரியப்பா பையனுக்கு. உன் வண்டி நல்ல வண்டிதான் அண்ணா, ஒத்துக்கறேன். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஓட்டறவங்க எப்ப திரும்பணும்னு எதைப் பாத்து முடிவு பண்ணுவீங்க? உங்க ஊர்ல ஆட்டோ கிடையாதே.